சிவப்பு மூடி, வெள்ளை மூடி

என் வீட்டுக்காரருக்கு இருமல் பிடித்த வருஷம் பம்பாயில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அறுபதுகளின் கடைசி அது. மழை விடுகிற நேரத்தில் ஒரு காய்ச்சல் ஊரெல்லாம் சுற்றி வந்தது. காய்ச்சல் சீக்கிரம் இறங்கிவிடும். இருமல் மட்டும், பகடி என்று பம்பாயில் சொல்கிற பெரிய முன்பணத்தைக் கட்டிக் குடிவந்தவன் மாதிரி, காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். சளி கிடையாது. வெறும் வறட்டு இருமல். தாராவியில் எங்கள் சந்துக்கே நீதி நியாயம் சொல்லும் மூலை வீட்டு மதினி அதைப் பற்றிச் சொன்னது இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்: "சளி வந்தாலாவது ஒரு சாமானக் கண்டோம்னு இருக்கும். இது காலி டப்பாவ உருட்டுத சத்தம்லா."

மற்றவர்களுக்கு இருமல் தொல்லையோடு போயிற்று. எங்களுக்கு அது பிழைப்பில் வந்து விழுந்தது. அவர் மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு சலூனில் சவரக் கத்தி பிடிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கிற ஆபீஸ் மனிதரின் தொண்டைக்குழியில் கத்தி போகும்போது, கத்தி பிடித்தவன் தொண்டையில் திடீரென்று கிச்சுகிச்சு மூண்டால் என்ன ஆகும்? தும்மலென்றால் மூக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். இந்த இருமல் சொல்லிக்கொண்டு வராது.

ஒருநாள் வந்தேவிட்டது. பெரிய வெட்டு இல்லை. தாடைக்குக் கீழே ஒரு கீறல், படிகாரக் கட்டியைத் தேய்த்ததும் நின்றுவிட்டது. அந்த சாரும் நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தபோது பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று என் வீட்டுக்காரர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சலூன் முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கத்தியை வாங்கி மேசை இழுப்பில் வைத்துவிட்டுச் சொன்னாராம்: "ஏல, ஒன் கைய நான் குத்தம் சொல்லல. ஒன் தொண்டையத்தான் சொல்லுதேன். இருமல் நிக்கட்டும், கத்தி ஒனக்குத்தான். அதுவரைக்கும் கத்திரி பிடி. தீவாளிக் கூட்டத்துக்குள்ள நிக்கலன்னா ஊர்லேருந்து வேற ஆள வரச்சொல்லிருவேன்."

கத்திரியும் வேலைதானே என்று வெளியாட்கள் கேட்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. "முடி வெட்டுனா வளந்துரும். தப்புப் பண்ணுனாலும் மறைஞ்சிரும். கத்திதான் கணக்கு" என்பார். காலையில் எழுந்ததும் வெறுங்கையால் காற்றில் தீட்டிப் பார்ப்பார், தோல் வாரில் தீட்டுகிற மாதிரி. நான் பார்க்காத மாதிரி அடுப்பைப் பார்ப்பேன். உடனே இருமலும் வரும், அவருக்கு.

எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். சுக்கு, மிளகு, கருப்பட்டி, அதிமதுரம். ஆளுக்கொன்று சொன்னார்கள், சொன்னது எல்லாம் செய்தோம். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லியாகிவிட்டது. ஒன்றுமில்லை என்றால் எதற்கு இருமுகிறார் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் அப்போது செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் நிரப்புகிற ஹாலில் இருந்தேன். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறிப் போகவேண்டும். பெல்ட்டில் பாட்டில் வந்துகொண்டே இருக்கும், நாங்கள் மூடியை வைத்து அழுத்திக்கொண்டே இருப்போம். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தை எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தேன். பாட்டில் லேபிளைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தைப் பழகினேன். வாயை மூடத் தெரியாது என்று எனக்குப் பெயர். அந்த வாயால்தான் இந்தக் கதையே வந்தது.

கம்பெனியில் மாட்டுங்காவிலிருந்து வருகிற ஒரு டாக்டரம்மா இருந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். மெல்லிய குரல், வெள்ளைக் கோட்டுக்குள்ளே கஞ்சி போட்ட பருத்திப் புடவை. ஆடாதோடை இலையிலிருந்து ஒரு சத்தை மட்டும் தனியே பிரித்து எடுத்திருந்தார்கள். வெள்ளைப் பொடி, ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர். அது வறட்டு இருமலுக்குக் கேட்கிறதா என்று பார்க்கவேண்டிய வேலை அவருடையது. ஒருநாள் எங்கள் ஹாலுக்கு வந்து, வறட்டு இருமல் உள்ள ஆட்கள் யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

"ஆளா? எங்க சந்தே இருக்கு, வாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குள்ளே ஒரு கத்தி திரும்பவும் மேசை இழுப்பிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

ஆடாதோடை எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். மராட்டிக்காரர்கள் அடுல்சா என்பார்கள். எந்த வீட்டிலும் ஒரு தடவையாவது கொதித்திருக்கும்.

"தெரிஞ்சதுன்னு நினைச்சிண்டிருக்கோம்" என்றார் டாக்டரம்மா. "கட்டின சளியை இளக்கும்கிறா. வறட்டு இருமலுக்கு? சிலபேர் ஆகும்கிறா, சிலபேர் ஆகாதுங்கிறா. இருமல் தானாவும் போகும் இல்லையா? கஷாயம் குடிச்சப்போ போனா கஷாயத்துக்குப் பேர் கிடைச்சுடறது. நிஜமா எதனால போச்சுன்னு யாருமே பார்க்கலை."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாங்கள் சுக்கையும் மிளகையும் மாற்றி மாற்றிக் கொடுத்தது அப்படித்தானே.

ஏற்பாடு இதுதான். எங்கள் சந்துக்குப் பக்கத்தில் இருந்த தர்ம டிஸ்பென்சரியில் பாட்டில் கொடுப்பார்கள். சிலருக்குச் சிவப்பு மூடி, சிலருக்கு வெள்ளை மூடி. ஒன்றில் இலையின் சத்து இருக்கும். இன்னொன்றில் அதே நிறம், அதே கசப்பு, வெறும் பாகு. எதில் எது என்று குடிக்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. குடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் வேறு எந்த மருந்தும் கூடாது. கடைசியில் எந்த மூடிக்காரர்களுக்கு இருமல் அதிகம் குறைந்தது என்று பார்ப்பார்கள்.

இதைச் சந்தில் சொல்லிப் புரியவைக்கிற பொறுப்பு எனக்கு. குழாயடியில் நின்று சொன்னேன். "ரெண்டு சட்டியில ஒரே கொழம்பு வைக்கோம்னு வச்சிக்கிடுங்க. ஒண்ணுல உப்புப் போடுதோம், ஒண்ணுல போடல. அப்பத்தான உப்பு என்ன செய்யுதுன்னு தெரியும்?"

மதினி குடத்தை இறக்கி வைத்தாள். "சரி. உப்பில்லாத கொழம்பு யாருக்கு?"

"யாருக்குன்னு தெரியாது மதினி. அதான் விஷயமே."

"தெரியாமலே ஒருத்தன் உப்பில்லாமத் திங்கணும். நல்லாருக்குட்டி ஒன் கம்பெனி."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் வந்து வரிசையில் நின்றார்கள். சும்மா கிடைக்கிற மருந்து, அதுவும் வெள்ளைக் கோட்டுக்காரர் கையால். என் வீட்டுக்காரருக்கு வெள்ளை மூடி விழுந்தது. மதினியின் புருஷன் தோல் கிடங்கில் வேலை செய்கிறவர், அவருக்குச் சிவப்பு.

அன்றைக்கு நான் டாக்டரம்மாவை ஓரமாக நிறுத்தி, வெள்ளையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்கக்கூடாதென்று தெரிந்தும் கேட்டேன்.

"எனக்கே தெரியாதும்மா. எதுல எதுன்னு எழுதி ஆபீஸ்ல ஒருத்தர் பூட்டி வெச்சிருக்கார். எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். உன் மூஞ்சியைக் கேக்கவே வேண்டாம்."

என் முகத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான்.

பாட்டில் வந்ததும் சந்தில் வேறு பேச்சே இல்லை. சிவப்பில்தான் நிஜ மருந்து, இல்லாவிட்டால் எதற்குச் சிவப்பு வைப்பான் என்றது ஒரு கட்சி. வெள்ளைதான் சுத்தம், டாக்டர் கோட்டும் வெள்ளைதானே என்றது இன்னொரு கட்சி. தேர்தல் மாதிரிதான். நான் வேலை விட்டு வரும்போது ஒவ்வொரு வாசலிலும் பிடித்து நிறுத்தி, "நீ மூடி போடுத ஆளுதான, ஒனக்குத் தெரியாதா" என்பார்கள். தெரியாது என்றால் நம்பமாட்டார்கள். தெரிந்தும் சொல்லாதவள் என்ற பார்வை. ஒரு பக்கம் பாட்டிலைக் குடித்துவிட்டு மறுபக்கம் கஷாயம் வைக்கிறார்களா என்று நானும் அடுப்பு வாசம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இதற்கிடையில் மதினி புருஷனுக்கு இருமல் குறைய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்குக் குறையவில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு மூடிக்காரர்களில் இன்னும் சிலர் தேவலை என்றார்கள். வெள்ளையிலும் ஒன்றிரண்டு பேர் தேவலை என்றார்கள். ஒரு முடிவுக்கும் வரமுடியாது. இருந்தாலும் வெள்ளை மூடி வீடுகளின் முகம் வாடிப்போனது.

இங்கே எங்கள் சந்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சும்மா கிடைக்கிற சாமான் எதுவானாலும், கோவில் மூலமாக வருகிற பால் பவுடரோ, எண்ணெயோ, ஒரு வீட்டுக்கு நல்லது வரும், இன்னொரு வீட்டுக்குக் கட்டி தட்டியது வரும், சண்டை வரும். அதற்காக மதினி ஒரு முறை வைத்திருந்தாள். வந்த எல்லாவற்றையும் அவள் வீட்டுப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் ஒன்றாகக் கொட்டி, கலக்கி, ஒரே டம்ளரால் எல்லா வீட்டுக்கும் சமமாக அளந்துவிடுவாள். அந்த முறை வந்த பிறகு சந்தில் பால் பவுடருக்குச் சண்டை வந்ததே இல்லை. நானே பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் நான் சயானிலிருந்து நடந்து வந்து சந்துக்குள் நுழைகிறேன். மதினி வாசலில் கூட்டம். நடுவில் அந்த அலுமினியப் பாத்திரம். உள்ளே தேன் நிறத்தில் ஏதோ. மதினி அகப்பையால் கிண்டிக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் பாட்டில்கள், கழுவிக் கவிழ்த்தவை.

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"மதினி, என்ன இது?"

"வந்துட்டியா. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்தாச்சு. இனி எந்தப் பயலுக்கும் உப்பில்லாத கொழம்பு கிடையாது."

"ஐயோ, கலக்கக்கூடாதுன்னு தொண்டை கிழியச் சொன்னேனே."

"வேற மருந்து சேக்கக்கூடாதுன்னுதான் சொன்ன. இது வேற மருந்தா? அதே மருந்துதான?" அவள் அகப்பையை நிறுத்தவே இல்லை. "ஏட்டி, ஒரே கொழாய்ல தண்ணி பிடிக்கோம், ஒரே பொகையத் திங்கோம். எம் புருஷனுக்கு மட்டும் நிக்கும், ஒம் புருஷன் கத்தி பிடிக்க முடியாம நிக்கணும், நான் பாத்துக்கிட்டு இருக்கணும். அப்படித்தான?"

அவள் என் வீட்டுக்காகத்தான் செய்திருக்கிறாள். திட்டக்கூட முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்திலும் ஆத்திரம்.

"மூடி மட்டும் மாறாமப் பாத்துக்கிட்டோம்" என்றாள் மதினி, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். "செவப்புக்குச் செவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. டாக்டருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

வித்தியாசம்தான் டாக்டருக்குத் தெரியவேண்டியது.

வீட்டுக்குள் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"நம்ம பாட்டில யாரு எடுத்துக் குடுத்தா?"

"நான்தான்."

"நீங்களா? ஒங்களுக்காகத்தான ஊரெல்லாம் கூவிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"எல்லாரும் குடுக்கும்போது நான் மட்டும் மடியில கெட்டிக்கிட்டு இருக்கவா? ஏட்டி, நான் சலூன்ல ஒரே தண்ணி, ஒரே சோப்புல பெரிய மனுஷனுக்கும் கூலிக்காரனுக்கும் மொகம் வழிக்கிறவன்."

அதற்குப் பிறகு அவரிடம் பேசிப் பயனில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஹாலுக்கு வெளியே, லாரி நிற்கிற இடத்தில். அவர் முதலில் கவனிக்காத மாதிரி இருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாத்தையுமா கலந்துட்டா?"

"எல்லாத்தையும்."

"ஒரு பாட்டில்கூட மிச்சமில்லையா?"

"எங்க மதினி அளந்தா மிச்சம் இருக்காதும்மா."

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "நிஜ மருந்து குடிச்சவாளுக்கு இனி அதுல பாதிதான் கிடைக்கும், குடிக்காதவாளுக்கும் பாதி கிடைக்கும். ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வரும். ஒண்ணா வந்தா என்ன சொல்லுவா தெரியுமோ? இலையில ஒண்ணுமில்லை, பாகு குடிச்சாலே போறும்னுவா."

"இல்லன்னு நீங்க சொல்லுங்களேன். கலந்துட்டாங்கன்னு சொல்லுங்க."

"சொல்லத்தான் போறேன்."

சொன்னார். மேலே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டு சிரித்தார்களாம். தாராவியில் போய் இதைச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டார்களாம். வேறு இடத்தில் முதலிலிருந்து செய்யலாம் என்று அவர் மன்றாடினார். வேண்டாம், இலையைப் பிழிந்து பிரிப்பதற்கே ஏகப்பட்ட செலவு, இதோடு மூடிவைப்போம் என்று முடிந்துவிட்டது. இதை அவர் கேன்டீனில் ஆறின டீயை முன்னால் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். தாராவி என்று சொன்ன இடத்தில் எனக்கு முகம் எரிந்தது. எங்கள் ஆட்களுக்கு மூளை இல்லையென்று நினைத்தார்களே. நியாயம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததுதான் சங்கதி. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்ல, மதினியை அழைத்துக்கொண்டு வந்தா?

இதற்குள் நடந்ததைக் கேளுங்கள். கலந்து அளந்த மருந்து தீர்கிற சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றுவிட்டது. நின்றது என்றால் சுத்தமாக. சந்திலும் அநேகமாக எல்லாருக்கும் குறைந்துவிட்டது. மதினி குழாயடியில் ராணி மாதிரி நின்றாள். முதலாளி இழுப்பைத் திறந்து கத்தியை எடுத்துக் கொடுத்தார். தீபாவளிக்கு முந்தின கூட்டத்தில் என் வீட்டுக்காரர் நின்ற நிலையில் முகம் வழித்துவிட்டு, சோப்பு வாசத்தோடு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ஒரு கீறல் கிடையாது" என்றார். அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான். இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் பாயில் உட்கார்ந்த மாத்திரத்தில் கேட்டேன்: "எதனால நின்னுச்சு?"

"மருந்துதான்."

"எந்த மருந்து? சத்தா, பாகா? இல்ல தானா நின்னுச்சா? காய்ச்சலோட வந்த இருமல் கொஞ்ச நாள்ல தானே போகும்னு டாக்டரம்மா சொல்லுதாவ."

"நின்னுச்சுல்லா. பொறவு என்னத்துக்குத் தோண்டுத?"

டாக்டரம்மாவிடமும் கேட்டேன். "தெரியலை" என்றார்.

"பொய்யாவாவது ஒண்ணு சொல்லுங்களேன். அடுத்த தடவ வந்தா நான் எதக் கொடுக்க?"

"பொய் சொல்றதுக்கா இத்தனை பாட்டில் நிரப்பினோம்?" என்று எழுந்து போய்விட்டார். கோபம் என்மேல் இல்லை என்று தெரியும். பிறகு அந்த வேலையை விட்டு வேறு எங்கோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பொடி என்ன ஆயிற்றென்று கேட்க ஆள் இல்லை.

அடுத்த மழை விடுகிற நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை காய்ச்சல்கூட இல்லை, நேராக இருமல். மதினி பால் பவுடர்ப் பாத்திரத்தைக் காட்டி, "கம்பெனியில கேளு, போன வருஷ மருந்தயே வாங்கிட்டு வா" என்றாள். போன வருஷ மருந்து என்று ஒன்று இருந்ததா என்பதே தெரியவில்லை என்று சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை. கண்ணால் கண்டது, கையால் கிண்டியது, எப்படி இல்லாமல் போகும்?

ரயில் பாதையோரம் வேலியில் நின்ற ஆடாதோடையைப் பறித்து வந்து கொதிக்கவைத்தேன். குடித்தார். ஒருநாள் குறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் இருக்காது. இலை குறைவா, கொதி குறைவா, அந்தச் சத்து வெந்நீரில் இறங்குமா, இறங்கினாலும் வறட்டு இருமலுக்கு அது கேட்குமா? ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்திருக்கலாம். கையெட்டும் தூரத்தில் வந்து போனது.

முதலாளி இந்தத் தடவை தவணை சொல்லவில்லை. ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டான். நல்ல கை, நல்ல தொண்டை. என் வீட்டுக்காரர் கடைசி நாற்காலிக்குப் போனார், கத்திரியோடு. இருமல் பிறகு நின்றது, பிறகு வந்தது, பிறகு நின்றது. கத்தி திரும்ப வரவில்லை. வருஷத்தில் பாதி இருமுகிறவனை நம்பி யார் கழுத்தை நீட்டுவார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அந்த நாட்களில் ஒருதரம் மாட்டுங்காவில் மருந்துக்கடை வாசலில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் அடுல்சா பாகு, வேறு ஏதோ கம்பெனி, வரிசையாக அடுக்கியிருந்தது. லேபிளில் பச்சை இலைப் படம். மூடி வெள்ளை.

"இது வறட்டு இருமலுக்குக் கேக்குமா?" என்றேன்.

கடைக்காரர் நல்ல தமிழ் பேசுகிறவர். "சாப்பிட்டுப் பாருங்கோ" என்றார்.

"சாப்பிட்டுப் பாத்தாச்சு" என்றேன். "அதுதான் தொல்லை."

அவர் புரியாமல் பார்த்தார். பாட்டிலை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சலூனுக்கு எதிர்ப்பக்கமாக நடந்து வந்தேன். உள்ளே கடைசி நாற்காலியில் அவர் ஒரு பையனின் பிடரியை வெட்டிக்கொண்டிருந்தார். இருமல் வந்ததும் கத்திரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, அது தீருமட்டும் நின்றார்.